அரசு விளம்பரத்தின் கதை – 9: சுவரெல்லாம் முக்கோணம்

இந்திய அரசு கடைகளில் விற்கத் தீர்மானித்த முதல் ஆணுறைக்குக் 'காமராஜ்' என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். மன்மதனை நினைத்து யோசித்தவர்களுக்கு அது பொருத்தமாகவே பட்டிருக்கும். பாமரனுக்கும் புரிகிற, சொல்லிக் கேட்டு வாங்கக்கூடிய பெயர். சிக்கல் என்னவென்றால், அப்போது ஆளுங்கட்சியான காங்கிரஸின் தலைவர் பெயரும் அதுதான். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர் வேறு. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையில் ஒருவர் போய் 'ஒரு காமராஜ் கொடுங்க' என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர் கற்பனைக்கே விடுகிறேன். நல்லவேளையாகப் பெயர் கைவிடப்பட்டு 'நிரோத்' வந்தது.

விதை நெல்லையும் உரத்தையும் பற்றிப் பேசிப் பழகிய அரசு, படுக்கையறையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்ட கதை இது. 'அதிக உணவு பயிரிடுவோம்' இயக்கத்தின் சுவரொட்டிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இது அப்படியல்ல.

1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாகவே அறிவித்த முதல் நாடு இந்தியா. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கிய தொகை 65 லட்சம் ரூபாய். சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியடிகளின் நேர்ச் சீடர். கருத்தடைச் சாதனங்களில் அவருக்கு நம்பிக்கையில்லை, நாள் கணக்குப் பார்த்து விலகியிருக்கும் முறையைத்தான் ஏற்றார். உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன், மைசூர் ராஜ்ஜியத்து ராமநகரத்திலும் டெல்லியிலும் சோதனை நடத்த வழி சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நாள் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு மணிமாலை. தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணியின் நிறத்தைப் பார்த்தால் அன்று எப்படிப்பட்ட நாள் என்று தெரிந்துவிடும். விளக்கில்லாத வீட்டில் இரவில் நிறம் எப்படித் தெரியும் என்ற கேள்வி மாலையைக் கொடுத்த பிறகுதான் எழுந்தது. தடவிப் பார்த்தே தெரியட்டும் என்று மணிகளின் வடிவத்தை மாற்றினார்கள். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டவர்கள் இருந்தார்கள். அதைத் தாயத்தாக நினைத்து, கட்டிக்கொண்டாலே போதும் என்று இருந்தவர்களும் இருந்தார்கள்.

அரசின் பேச்சு எங்கே தடுக்கிற்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கேட்பவர் வீட்டில் விளக்கு உண்டா என்று பேசுகிறவருக்குத் தெரியவில்லை.

சென்னை ராஜ்யம் வேறு வழியில் போனது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசுவாமி பின்னாளில் இங்கே தலைமைச் செயலாளராக வந்தார். இந்தியா தாங்காது என்று கணக்குப் போட்டுக் கலங்கியவர் அவர். 1950-களின் பிற்பகுதியில், கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்குக் கூலி இழப்பை ஈடுகட்ட 30 ரூபாய் கொடுக்கும் ஏற்பாடு சென்னையில் வந்தது. ஆளைக் கூட்டிவருபவருக்கும் தனியே ஒரு தொகை. விளம்பரத்துக்குப் பதில் தரகர். இந்தத் தரகர் பிறகு நம் கதையில் பெரிய ஆளாக வளரப் போகிறார், கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாசகருக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். கர்ப்பத்தடையைப் பற்றிய பேச்சு இங்கே அரசாங்கத்தோடு தொடங்கவில்லை. 1930-களிலேயே பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் அதை மேடையிலும் 'குடி அரசு' பக்கங்களிலும் பச்சையாகப் பேசினார்கள். நாட்டின் சோற்றுக் கணக்குக்காக அவர்கள் அதைக் கேட்கவில்லை. பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார்கள். அரசு பின்னாளில் வெளியிட்ட விளம்பரங்களில் இந்த வாதத்தைத் தேடிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வளமான குடும்பம், நல்ல சாப்பாடு, பிள்ளைக்குப் படிப்பு எல்லாம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் சுவரில் இடமில்லை.

1961 கணக்கெடுப்பு 44 கோடியைத் தொட்டுக் காட்டியதும் டெல்லியில் பதற்றம் கூடியது. 1965-ல் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான 'லூப்' வந்தது. அடுத்த ஆண்டு சுகாதார அமைச்சகத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்றே தனித்துறை அமைந்தது. அந்தத் துறையில் விளம்பரப் பொறுப்பிலிருந்த உதவி ஆணையர் தீப் தியாகி. அரசு விளம்பர வரலாற்றில் ஒரு அதிகாரியின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டிய இடங்கள் மிகச் சில. இது அதில் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசகர் ஃபிராங்க் வைல்டர் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்.

அதற்கு முந்தைய சுவரொட்டிகளில் உபதேசம் நிறைய இருந்தது. செய்தி ஒன்றா பலவா என்பது தெரியாது. 'சிறு குடும்பம் சிறந்த குடும்பம்' என்றால் சிறு என்பது எத்தனை? ஆறு பெற்றவன் பத்துப் பெற்ற அண்ணனைப் பார்த்து, தன்னுடையது சிறு குடும்பம் என்றுதான் நினைப்பான். ஒரு பக்கம் கந்தலுடுத்திய பெரிய குடும்பத்தையும் மறுபக்கம் பளிச்சென்ற சின்னக் குடும்பத்தையும் வரைந்த படத்தைக் கிராமத்தில் காட்டியபோது, 'பாவம், இவர்களுக்கு இரண்டே பிள்ளைகள்' என்று சின்னக் குடும்பத்துக்காக ஊர்க்காரர்கள் இரங்கினார்கள் என்று களப்பணியாளர்கள் மத்தியில் ஒரு கதை உலவுவதுண்டு. கதை எந்த ஊரில் நடந்ததோ, அது சொல்லும் சங்கடம் உண்மையானது.

தியாகி உபதேசத்தை வெட்டினார். ஒரு எண், ஒரு படம், ஒரு குறி. எண்: இரண்டு அல்லது மூன்று, அதோடு போதும், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். படம்: அப்பா, அம்மா, பையன், பெண் என நான்கு முகங்கள். குறி: தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம். ஏன் முக்கோணம்? எந்த மதத்தின் சின்னமாகவும் தெரியக்கூடாது, எந்தக் கட்சியின் சின்னமாகவும் தெரியக்கூடாது. சூரியன், இரட்டைக் காளை, விளக்கு, நட்சத்திரம், கதிர் அரிவாள் என்று கண்ணில் படக்கூடிய எல்லாவற்றையும் கட்சிகள் பங்குபோட்டுக்கொண்ட காலத்தில் இது லேசான காரியமில்லை. அதைவிட முக்கியம், ஓவியம் படிக்காத எந்த ஆளும் அளவுகோல் ஒன்று கிடைத்தால் வரைந்துவிடலாம். லட்சக்கணக்கான சுவர்களுக்குப் போகவேண்டிய குறி எவ்வளவு எளிதாக இருக்கவேண்டும் என்பதைத் தியாகி புரிந்துகொண்டிருந்தார்.

முகங்கள் அப்படி நிலைக்கவில்லை, நிலைக்கவும் முடியாது. ஊர் ஓவியர் கைக்குப் போனதும் அப்பாவுக்கு மீசை முளைத்தது, அம்மாவின் பொட்டு பெரிதானது. முக்கோணம் மட்டும் எங்கும் ஒரே மாதிரி நின்றது. சுகாதார நிலையத்தின் வாசலில், பேருந்தின் பின்புறத்தில், தீப்பெட்டி மேல், கடிதத்தில் விழும் அஞ்சல் முத்திரையில் எல்லாம் வந்தது. 1966 டிசம்பரில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு தபால்தலையும் வெளியானது. வட இந்தியக் கிராமங்களில் முக்கோணம் எழுதிய யானை நடந்தது. 'லால் திகோன்' என்று அதற்கே பெயராகிவிட்டது, சிவப்பு முக்கோணம்தான். யானை வந்தால் ஊரே கூடும். கூடிய பிறகு நோட்டீஸ் கொடுக்கலாம். அகில இந்திய வானொலியில் இதற்கென நிகழ்ச்சிகள் வந்தன. படம் பார்க்கப் போனவர்கள் கட்டாயம் பார்த்தாகவேண்டிய ஃபிலிம்ஸ் டிவிஷன் குறும்படங்களிலும் இந்தச் செய்தி ஏறியது. அங்கே பிரமோத் பதி போன்ற விசித்திரமான கலைஞர்கள் இருந்ததால், மக்கள்தொகைப் பிரசாரம் என்ற பெயரில் சில சோதனைப் படங்களும் பிறந்தன. அரசுப் பணத்தில் எடுத்த அந்தப் படங்களை இன்று திரைப்பட விழாக்களில் தேடிப் பார்க்கிறார்கள்.

தமிழில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வந்து ஒட்டிக்கொண்டது. எதுகை மோனைக்குப் பழகிய காதுக்கு அது விளம்பரம் போலவே ஒலிக்கவில்லை. எண் இரண்டு அல்லது மூன்றிலிருந்து இரண்டுக்குச் சுருங்கியதும் இப்படித்தான் நமக்குத் தெரியவந்தது. ஆட்டோவின் முதுகில் அந்த வரியும் முக்கோணமும் இல்லாத சென்னையை என் தலைமுறை பார்த்ததில்லை. அதே தமிழ்நாட்டில் 2025 மார்ச்சில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண மேடையில், நிதானமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று முன்பு சொன்னோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். மக்கள்தொகைப்படியான தொகுதி மறுவரையறையில் மாநிலத்துக்கு மக்களவை இடங்கள் குறையும் என்ற கவலை. அந்தப் பேச்சு சுவர் எதையும் தேடிப் போகவில்லை; சாயங்காலத்துக்குள் எல்லார் கைபேசியிலும் இருந்தது.

சுவரிலிருந்து கடைக்கு வருவோம். கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் தயாரான ஒரு திட்டம், அன்றைக்கு அரசுக்குச் சற்று விநோதமாகத் தோன்றியிருக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்து வரிசையில் நின்று வெட்கப்பட்டு வாங்க எவனும் வரமாட்டான். சோப்பும் தேயிலையும் எந்த வழியாகக் கிராமம் போகிறதோ அந்த வழியிலேயே ஆணுறையும் போகட்டும் என்றது அது. 1968-ல் நிரோத் அப்படித்தான் சந்தைக்கு வந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க ஆறு கம்பெனிகள்: புரூக் பாண்ட், லிப்டன், ஹிந்துஸ்தான் லீவர், டாடா ஆயில் மில்ஸ், இன்று ஐடிசி என்று அறியப்படும் இம்பீரியல் டொபாக்கோ, எவரெடி பேட்டரி விற்ற யூனியன் கார்பைடு. தேயிலை, சோப்பு, சிகரெட், டார்ச் பேட்டரி. இந்த நான்கும் போகாத ஊர் இந்தியாவில் உண்டா? மூன்று உறை 15 காசு. அடக்க விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அரசு ஏற்றது. கடைக்காரருக்கு ஒரு லாபமும் வைத்தது. லாபம் இருந்தால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைப்பார் என்பது கணக்கு. முதலில் வெளிநாட்டிலிருந்து தருவித்தார்கள். 1969-ல் திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் ஆலை ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு உற்பத்தியைத் தொடங்கிவிட்டது.

சமூகப் பண்டம் ஒன்றை வணிகப் பண்டம் போல விற்பது இன்று உலகமெங்கும் பாடமாக இருக்கிறது. அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயங்களில் நிரோத்துக்கு இடமுண்டு. முக்கோணமும் ஊர் கடந்தது: கானா, காம்பியா, எகிப்து, ஜிம்பாப்வே. தியாகி 1969-லேயே இறந்துபோனார். இருபது ஆண்டு கழித்து ஓர் அமெரிக்கர் தொடங்கிய கருத்தடைச் சாதன விநியோக நிறுவனத்துக்கு டி.கே. தியாகி என்ற அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்து டி.கே.டி என்று பெயரிட்டார்கள். நம் ஊரில் அவரை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் சரி, ஜனங்கள் கேட்டார்களா? பஞ்சாபின் கன்னா பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1950-களில் பல ஆண்டு நடத்திய ஆய்வில், கருத்தடை மாத்திரைகளைக் கிராமத்தார் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர்கள் எல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியும் வைத்தார்கள். பின்னாளில் அதே ஊருக்குப் போன மஹ்மூத் மம்தானி என்ற ஆய்வாளர், ஒருவர் வீட்டில் அந்த மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பம் போல வைத்திருந்ததைக் கண்டார். வந்தவர்கள் படித்த பிள்ளைகள், தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வயலுக்குக் கை வேண்டும், கிழவயதில் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. செய்தி காதில் விழவில்லை என்று நினைத்து அரசு குரலை உயர்த்திக்கொண்டே போனது. விழுந்த செய்திக்கு அவர்கள் சொன்ன பதில்தான் அரசின் காதில் விழவில்லை. இன்று ஒரு துறை எத்தனை பதிவு போட்டோம், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த மாத்திரைப் பெட்டிச் சிற்பம் நினைவுக்கு வரும்.

பதில் காதில் விழாதபோது எண்ணிக்கைதான் மிஞ்சும். 1966-லிருந்து மத்திய அரசு ஒவ்வொரு லூப்புக்கும் 11 ரூபாய், ஆண் அறுவைக்கு 30, பெண் அறுவைக்கு 40 என்று மாநிலங்களுக்குக் கொடுத்தது. 1967-ல் அமைச்சராக வந்த எஸ். சந்திரசேகர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த மக்கள்தொகை அறிஞர். அறுவை செய்துகொள்பவருக்கு ட்ரான்சிஸ்டர் ரேடியோ கொடுக்கலாம் என்று யோசனை சொல்லித் தலைப்புச் செய்தியானார். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் அறுவைச் சிகிச்சை முகாமைத் திருவிழாவாகவே நடத்திக் காட்டினார். ஊர்வலம், கலை நிகழ்ச்சி, பணத்தோடு வேட்டி சேலை அரிசி. ஒரே மாதத்தில் 63 ஆயிரத்துக்கும் மேல். உலகமே அதைப் பாராட்டியது. விளம்பரம் அங்கே கைதேர்ந்திருந்தது உண்மை. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேரை முக்கோணம் கூட்டிவந்தது, எத்தனை பேரை அரிசி கூட்டிவந்தது என்று யாரும் பிரித்துப் பார்க்க விரும்பவில்லை.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு புக்கரெஸ்ட் மாநாட்டில், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்று பேசிக் கைதட்டல் வாங்கிய அமைச்சர் கரண் சிங்தான் 1976 ஏப்ரல் 16-ல் புதிய மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டார். கட்டாய அறுவைக்குச் சட்டம் செய்ய விரும்பும் மாநிலம் செய்துகொள்ளலாம் என்று அதில் வழிவிட்டிருந்தது. மகாராஷ்டிரம் மசோதாவே நிறைவேற்றியது. மற்ற இடங்களில் சட்டமில்லாமலேயே காரியம் நடந்தது. இத்தனை ஆளைக் கொண்டுவராத ஆசிரியருக்குச் சம்பளம் நின்றது. நான் கவனத்தில் வைக்கச் சொன்ன அந்தத் தரகர் வேலையை இப்போது பள்ளி ஆசிரியரும் கிராம அதிகாரியும் காவலரும் பார்த்தார்கள். பின்னர் விசாரித்த ஷா கமிஷனின் கணக்கில் 1975–76-ல் 26 லட்சம் அறுவைகள். 1976–77-ல் 81 லட்சம். அந்த ஆண்டின் இலக்கே 43 லட்சத்துக்குள்தான். அறுவையை ஒட்டி இறந்தவர்கள் என்று பதிவானவர்கள் 1,774 பேர்.

இதில் விளம்பரத்தின் பங்கு என்ன என்பதே இந்தத் தொடரின் கவலை. சுவரில் எழுதியிருந்த வாசகம் மாறவில்லை. நான்கு முகங்களும் முன்போலவே சிரித்தன. ஆனால் முக்கோணம் எழுதிய ஜீப் ஊருக்குள் நுழைந்தால் ஆண்கள் கரும்புக்காட்டுக்குள் ஓடினார்கள். தியாகி பத்தாண்டுக்கு முன் ஆசைப்பட்டது என்ன? எழுத்தறியாதவனும் தூரத்திலிருந்தே பார்த்ததும் அடையாளம் காணவேண்டும் என்பது. அது நூற்றுக்கு நூறு நிறைவேறியிருந்தது.

நெருக்கடி நிலையின் பத்திரிகைத் தணிக்கை இன்னொரு வேலையைச் செய்தது. நாளிதழில் உண்மை வராது என்று தெரிந்த ஊரில் வதந்திக்கு மதிப்பு கூடும். பள்ளியில் பிள்ளைகளுக்கு அம்மை குத்த வந்தவரைக்கூட, கருத்தடை ஊசியோ என்று பயந்து விரட்டினார்கள். வானொலி மறுத்துப் பேசினால், மறுக்கிறார்களே, அப்படியானால் உண்மைதான் என்று ஆனது. சொந்தப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய அரசுக்கு, தன் பக்கத்து உண்மையைச் சொல்லவும் நம்பத்தகுந்த வாய் ஒன்று மிச்சமில்லை.

1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கட்டாயத்தின் சூடு அந்த அளவுக்குப் படாத தெற்கில் கதையே வேறு. தமிழ்நாட்டில் அண்ணா தி.மு.க.–காங்கிரஸ் அணி 39-ல் 34 இடங்களைப் பிடித்தது. ரேபரேலியில் இந்திரா காந்தியைத் தோற்கடித்த ராஜ்நாராயண் புதிய அரசில் சுகாதார அமைச்சர் ஆனார். கட்டாயம் கூடாது என்று அறிவித்து, துறைக்குக் 'குடும்ப நலம்' என்று பெயர் மாற்றினார்கள். 1977–78-ல் அறுவைகள் பத்து லட்சத்துக்கும் கீழே விழுந்தன. முக்கோணத்தை யாரும் அழிக்கவில்லை. அழிப்பதற்கும் பணம் வேண்டுமே.

மாறியது வேறொன்று. நெருக்கடி நிலைக் காலத்து அறுவைகளில் பெரும்பகுதி ஆண்களுக்கு நடந்தது. அதன்பின் எந்த அரசும் ஆண்களைப் பார்த்து அந்தப் பேச்சைத் துணிந்து எடுக்கவில்லை. விளம்பரம் பெண் பக்கம் திரும்பியது. சிரிக்கும் தாய், இடுப்பில் குழந்தை, பிறகு மாலா-டி மாத்திரை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2019–21-ல் இந்தியாவில் பெண் அறுவையை நம்பியிருக்கும் தம்பதியர் 37.9 சதவீதம், ஆண் அறுவையை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் அது 57.8-க்கு 0.1. ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்தும் குறைவு என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். வாக்குக்குப் பயந்து அரசு அடக்கிக்கொண்ட பேச்சின் விலையைப் பெண்கள் மயக்க ஊசி போட்டுக்கொண்டு கட்டிவருகிறார்கள்.

ஏழு ஆண்டு ஏறக்குறைய மௌனமாக இருந்த பிறகு, குடும்ப அளவைப் பற்றி மறுபடி பேச டெல்லிக்கு ஒரு யோசனை மெக்சிகோவிலிருந்து வந்தது: உபதேசம் வேண்டாம், கதை சொல்வோம். 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் திட்டமிட்ட அந்தத் தொடரிலிருந்து முதலில் காணாமல் போனது குடும்பக் கட்டுப்பாடுதான். உள்ளே நுழைந்ததோ மேகி நூடுல்ஸ்.

(தொடரும்)